மார்த்தா அத்தையின் வயல்

கலமசூ, மிச்சிகன்
6 செப்டம்பர் 2018

அன்புள்ள நார்பெர்ட்,

உன் காது போனுக்கு ஒத்துவராமல் போனதில் எனக்கு ஒரு லாபம். கடிதம் எழுத ஒருவராவது மிச்சம் இருக்கிறார். ஆனால் நான் எழுதிய இரண்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் படித்த கான்வென்டில், வந்த கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் எழுதாத பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை இனிப்பு கிடையாது. உனக்கு எதை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்துடன் இருப்பது புதிய கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் மாதிரி அட்டை. மடிக்காமல் பார். உன் அண்ணன் கிளெமென்ட் வாழ்நாள் முழுக்க அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, கார்ன்ஃப்ளேக்ஸ் பாலில் எவ்வளவு நேரம் மொறுமொறுப்பாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஒரு காகிதத்திலும் அச்சாகவில்லை. இப்போது அவருடைய விதவையின் முகம் நாடு முழுவதும் காலை மேசைக்கு வரப்போகிறது. இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

கம்பெனியின் பென்ஷன்காரர்கள் விருந்தில் விளம்பரப் பிரிவுப் பெண் கெல்சி என்னைப் பார்த்தவுடனே கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உங்க முகத்தப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது" என்றாள். ரோசாலியா என்ற பெயர் மட்டும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் நான் மார்த்தா அத்தை. இரண்டு நாள் மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டேன். மார்த்தாவும் ஒரு புனிதைதானே. கீழே உள்ள வரியைப் படி: "எங்கள் குடும்ப வயலிலிருந்து உங்கள் கிண்ணத்துக்கு." உன் வயல் அது. வெறும் படம் அல்ல.

நாங்கள் அங்கே வந்து படம் எடுத்தது நீ மாநிலக் கண்காட்சிக்குப் போயிருந்த சனிக்கிழமை என்பதால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் முடிந்தது. வயலை நல்லபடியாகவே விட்டுவிட்டு வந்தோம். மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டதால் கடைசியில் மட்டும் கொஞ்சம் அவசரம்.

அன்புடன்,
ரோசாலியா


கரோல், அயோவா
19 செப்டம்பர்

அன்புள்ள அண்ணி,

பதில் தாமதம். தானியக் களஞ்சியத்தின் கூரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இனிப்பை நிறுத்த வேண்டாம், டாக்டரே நிறுத்திவிட்டார்.

படம் நன்றாக இருக்கிறது. நீங்கள் அண்ணன் கல்யாணத்தன்று நின்ற மாதிரியே நிற்கிறீர்கள், யாராவது கூன் போட்டால் முதுகில் தட்டுவது போல. ஆனால் அண்ணி, உங்கள் கையில் இருப்பது நம் சோளம் இல்லையே. அது ஸ்வீட் கார்ன். வேகவைத்து வெண்ணெய் தடவித் தின்கிற சோளம். கார்ன்ஃப்ளேக்ஸ் செய்கிற சோளம் மணியில் குழி விழுந்து கல் மாதிரி இருக்கும் என்று அண்ணன் உங்களுக்குச் சொன்னதில்லையா?

பக்கத்துப் பண்ணை விர்ஜில் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

"டேய் நார்பி, உங்க அண்ணி கையில வச்சிருக்கறத ஆலைக்கு அனுப்பினா கார்ன்ஃப்ளேக்ஸா வரும்? கஞ்சிடா வரும், கஞ்சி!"

"நீ ரொம்பக் கண்ட. படம் எடுக்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அவனுக்கு ஒண்ணுதான். உங்க அண்ணிக்குமா? என் சட்டை பட்டன் ஒண்ணு போட்டிருக்கலன்னா கோயில் வாசல்லயே நிறுத்தி வச்சுக் கேப்பாங்களே!"

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் அப்படித்தான். அறுவடை மெஷின் எங்கள் இருவருக்கும் பொது, ஓட்டுவது அவன், அதனால் அவன் சிரிப்பை நான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முதல் வாரம் வெட்டுகிறோம். இந்தப் பகுதியில் விளைகிற சோளமெல்லாம் பன்றிக்கும் எத்தனாலுக்கும் போகிறது. உணவு ஆலைக்குப் போவது என்னுடையது மட்டும். அப்பா காலத்திலிருந்து ஒரு லாரி கூடத் திரும்பி வந்ததில்லை. ஆலைக்காரன் என் லாரியைப் பார்த்தால் சோதனைக்கு மாதிரி எடுக்கும் குழாயைச் சோளத்துக்குள் விடுவதற்கு முன்பே சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவான். என் சோளத்தை மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் அண்ணி. எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை.

அந்த ஸ்வீட் கார்ன் எங்கிருந்து வந்தது?

உங்கள் கொழுந்தன்,
நார்பெர்ட்


கலமசூ
25 செப்டம்பர்

நார்பெர்ட்,

படம் என்பது படம். ஓவியத்தில் மாதாவின் அங்கி நீலமாக இருக்கிறது, அதற்காக நாசரேத்தில் நீலத் துணி விற்றதா என்று யாரும் கேட்பதில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பை எனக்கு எழுதி அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. அவரது சட்டை பட்டனைப் பற்றி நான் சொன்னது நற்கருணை நாளன்று. அன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே மழை. முட்டி வலிக்கிறது. எங்கள் பங்குச் சாமியார் பெட்டி வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவில் எல்லா மேசையிலும் வைக்கப்போகிறாராம். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல நினைத்தேன். வெட்டுவதற்கு முன் மேற்கு மூலையில் இருக்கும் வரிசைகளை ஒருமுறை நடந்து பார். காரணம் ஒன்றும் இல்லை. அவசரமாக வேலை செய்தால் எதையாவது விட்டுவிடுவோம், அவ்வளவுதான்.

ரோசாலியா


கரோல்
13 அக்டோபர்

அண்ணி,

லாரி திரும்பி வந்துவிட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புதன்கிழமை முதல் லாரி. ஆலையில் கொட்டுகிற குழிக்கு மேலே பெரிய காந்தம் இருக்கிறது. எப்போதும் அதில் ஒரு நட்டு கூட ஒட்டியதில்லை. இந்த முறை கொட்டத் தொடங்கியதும் அந்த ஆள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். காந்தத்தில் கம்பித் துண்டுகள். பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பி, தோட்டத்தில் கொடி கட்டுவார்களே, அது. விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்த மாதிரி.

"நார்பெர்ட் சார், இது புள்ளைங்க சாப்பிடற சாமான். என்னால எடுத்துக்க முடியாது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. எனக்குப் பின்னால் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, எல்லாரும் வெளியூர்க்காரர்கள், ஆலையில் பல வருடமாகப் பழகியவர்கள். நான் சுமையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவரையும் தாண்டி வந்தேன். ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான், சாவு ஊர்வலத்துக்குக் கழற்றுவது போல.

விர்ஜில் தக்காளிச் செடியை அந்தப் பச்சைக் கம்பியால்தான் கட்டுகிறான். மெஷினை அவன் கொட்டகையில்தான் நிறுத்துகிறோம். நேராகப் போய்க் கேட்டேன்.

"உன் குப்பையெல்லாம் மெஷினுக்குள்ள போட்டு வச்சிருக்கியா?"

"என்னடா பேசற? மெஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு, அதுக்கப்புறம்தான் உன் வயல்ல எறக்கினேன்."

"அப்போ கம்பி எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

"நார்பி, வாயை அளந்து பேசு. முப்பது வருஷமா உன் சோளத்த நான் வெட்டறேன்."

"அதான் தப்பாப் போச்சு."

அண்ணி, அதை நான் சொன்னேன். அவன் என் வயலுக்கு நடந்து போய், மெஷினை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டான். பாதி வயல் நிற்கிறது. அடுத்த வாரம் மழை என்கிறார்கள்.

மேற்கு மூலையை நடந்து பார்க்கச் சொன்னீர்கள். நான் பார்க்கவில்லை, கிழவி பயப்படுகிறாள் என்று நினைத்தேன், மன்னியுங்கள். வெட்டத் தொடங்கும்போது நான் அங்கே நடந்துகொண்டிருந்திருந்தால், மெஷினிலிருந்து விழுந்த கம்பி முதல் சுற்றிலேயே கண்ணில் பட்டிருக்கும். உங்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தோன்றிவிடுகிறது என்று அண்ணன் சொல்வார். அது உண்மைதான்.

நார்பெர்ட்


கலமசூ
18 அக்டோபர்

அன்புள்ள நார்பெர்ட்,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்காக ஒன்பது நாள் செபம், ஒரு நவநாள் தொடங்கியிருக்கிறேன்.

எனக்கு அப்படியெல்லாம் முன்கூட்டித் தோன்றுவதில்லை. தயவுசெய்து அப்படி எழுதாதே.

விர்ஜிலை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறேன். பச்சைக் கம்பி எல்லாக் கடையிலும் விற்கிறது. அது யார் கையிலிருந்தும் விழுந்திருக்கலாம். அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசு. மனிதர் சிரிக்கிறார் என்பதற்காக அவருக்கு வலிக்காது என்று எண்ணாதே.

பெட்டிகள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் ஒவ்வொரு மேசையிலும் நான் நின்றுகொண்டிருந்தேன். பெட்டிமேல் கையெழுத்துப் போடச் சொல்லிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். "மார்த்தா அத்தைன்னே போடுங்க, அப்பத்தான் அழகா இருக்கும்" என்றார்கள். போட்டேன். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. இன்று முடியவில்லை.

ரோசாலியா


கரோல்
24 அக்டோபர்

அண்ணி,

நவநாளுக்கு நன்றி. ஆனால் நீங்கள் விர்ஜில் பக்கம் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. கம்பி நடந்து வந்து லாரியில் ஏறாது. யாரோ ஒருவர் கையால் வந்ததுதான்.

ஞாயிறன்று கோயில் அறுவடை விருந்துக்கு விர்ஜிலும் அவன் மனைவி பெர்னிஸும் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர்களை ஒதுக்கி வைக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊர் அப்படித்தான், அடுத்தவன் சோளத்தைக் கெடுத்தவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். பெர்னிஸ் பாதி விருந்தில் எழுந்து போய் காரில் உட்கார்ந்து அழுதாள்.

ஆலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நவம்பர் ஐந்தாம் தேதி ஆள் வருகிறார். கம்பி எப்படி வந்தது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் தெரிந்து அதைச் சரிசெய்ததாகக் காட்டினால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் பற்றி யோசிப்பார்களாம். தெரியவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். விர்ஜில் பெயரை எழுதப் போகிறேன். எழுதிவிட்டால் இந்த ஜில்லாவில் அவனை யாரும் மெஷினோடு தங்கள் வயலில் இறக்க மாட்டார்கள். அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நார்பெர்ட்


கலமசூ
29 அக்டோபர்

அன்புள்ள நார்பெர்ட்,

விர்ஜில் பெயரை எழுதாதே. கம்பி என்னால் வந்தது.

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், ஐந்தாம் தேதிக்கு முன் உன் கையில் இருக்கும். ஆலைக்கும் தனியாக இதையே எழுதி, என் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

அன்று கெல்சியும் படம் எடுப்பவர்களும் உன் கதிரை உரித்துப் பார்த்தார்கள். மணி மங்கலாக, குழி விழுந்து இருந்தது. "அம்மா, இது பாக்க வயசான பல்லு மாதிரி இருக்கு. யாரும் சாப்பிட மாட்டாங்க" என்றாள் அவள். கடையிலிருந்து ஸ்வீட் கார்ன் பெட்டியோடு கொண்டு வந்திருந்தார்கள், எல்லா வயலிலும் அப்படித்தான் செய்வார்களாம். அதைப் பச்சைக் கம்பியால் உன் சோளத் தட்டைகளில் கட்டினார்கள். இதுவரை அது அவர்கள் செய்தது.

இனி நான் செய்தது. அவர்கள் முன் வரிசையில் மட்டும்தான் கட்டினார்கள். எனக்குப் பின்னால் வெறுமையாகத் தெரிந்தது. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். "பின்னாலயும் கட்டுங்க, பாதி வயல் மொட்டையா நிக்குது" என்று நான்தான் சொன்னேன். அவர்கள் தயங்கினார்கள். நானே கம்பிச் சுருளை வாங்கி உள்ளே நுழைந்து கட்டினேன். இழுத்தாலும் கழலாதபடி மூன்று முறை முறுக்கினேன்.

படம் முடிந்ததும் அவர்கள் கழற்றத் தொடங்கினார்கள். ஐந்து மணிப் பூசை தவறிவிடும் என்று நான் நின்ற இடத்திலேயே கடிகாரத்தைக் காட்டினேன். "இதெல்லாம் அவன் கழட்டிக்குவான், என் கொழுந்தன்தான், நான் சொல்லிக்கறேன்" என்றேன். பூசைக்குப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், நீ நம்புவாய். மறக்கவில்லை. சொன்னால் உன் வயலில் உன் சோளத்தை மறைத்து வேறு சோளம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். உன் சோளத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன், நார்பெர்ட். உன் சோளத்தை. அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அதனால் மேற்கு மூலையை நடந்து பார் என்று மட்டும் எழுதி, காரணம் இல்லை என்றும் சேர்த்தேன். நீ அதற்கு எனக்கு நன்றி சொன்னாய்.

பெட்டியிலிருந்து என் படத்தை எடுக்கும்படி கம்பெனியிடம் கேட்டேன். கெல்சி அன்பாகப் பேசினாள். "அம்மா, ஏற்கெனவே கடைக்குப் போயாச்சு. நல்லா விக்குது, நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றாள்.

மேற்கு மூலையில் இன்னும் நிற்கிற வரிசைகளில் கம்பி இருக்கும். எங்கே கட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் பஸ்ஸில் வருகிறேன். நீ என்னைக் கூப்பிட வேண்டாம், பஸ் நிலையத்துக்கும் வர வேண்டாம். முதலில் விர்ஜில் வீட்டு வாசலுக்குப் போவேன்.

ரோசாலியா


கரோல்
20 நவம்பர்

அண்ணி,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி எழுதவில்லை. சேர்ந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போன மறுநாள் விர்ஜில் மெஷினை இறக்கினான். முழுவதும் வெட்டியாகிவிட்டது. நீங்கள் கழற்றிய வரிசைகளில் ஒரு துண்டு கூட வரவில்லை. சேற்றில் அந்தக் குட்டைக் காலணியோடு நீங்கள் ஒவ்வொரு சோளத் தட்டையாகப் பார்த்துக்கொண்டு போனதை விர்ஜில் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். "அந்தம்மா என்னையும் கூட நடக்க வச்சு, நான் ஒண்ண விட்டுட்டேன்னு திட்டினாங்க. மன்னிப்புக் கேக்க வந்தவங்க மாதிரியே இல்ல" என்றான். பெர்னிஸ் சிரித்தாள். ஆனால் உங்களுக்காக அவள் மேசையில் வைத்த சாப்பாட்டுத் தட்டை நீங்கள் தொடாமல் போனதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விர்ஜில் என்னோடு வேலை செய்கிறான். பேசுகிறான். முன்பு போல என் சமையலறைக்கு வருவதில்லை. அது நான் சொன்ன சொல்லுக்கு, உங்கள் கம்பிக்கு இல்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆலை ஆள் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். விதி விதிதான் என்றார், இந்த ஆண்டு எடுக்க முடியாது, அடுத்த ஆண்டு ஒரு லாரி கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றார். ஆகவே சோளம் முழுவதும், முதல் லாரியில் இருந்த கம்பியைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது. உங்கள் பெட்டியில் எங்கள் குடும்ப வயலிலிருந்து என்று போட்டிருக்கிறது. ஆலைக்குச் சோளம் அனுப்புகிற வயல்களில் எந்த வயலின் சோளம் அதற்குள் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமோ அது இந்த வயல்தான். இதைச் சிரிப்பாகத்தான் எழுதத் தொடங்கினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தேன். கம்பியைப் பற்றி மன்னிக்க முடிகிறது. என் சோளத்தைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று எழுதினீர்களே, அதை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நார்பெர்ட்


கலமசூ
3 டிசம்பர்

அன்புள்ள நார்பெர்ட்,

சேர்ந்துவிட்டேன். பெர்னிஸிடம் சொல், தட்டைத் தொடாதது அவமதிப்பு அல்ல. அறுவடை விருந்தில் அவள் மேசையில் யாரும் உட்காராமல் போனது என்னால். அதற்கு அடுத்த சாப்பாட்டை அவள் கையால் வாங்கி என்னால் விழுங்க முடியவில்லை. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

நீ எழுதாததை நான் கேட்க மாட்டேன். வராமலே போனாலும் அது நியாயம்.

நேற்று கடையில் பால் வாங்கப் போனேன். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகள் இருக்கும் வரிசை வழியாகப் போவதில்லை என்று வைத்திருந்தேன், மற்ற வழியில் தரை துடைத்துக்கொண்டிருந்ததால் போக வேண்டியதாயிற்று. ஒரு பெண் பெட்டியை எடுத்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டியில் ஒரு குழந்தை.

"நீங்கதானே மார்த்தா அத்தை?"

"என் பேரு ரோசாலியா. ஆனா அது நான்தான்."

"ஐயோ, எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா!"

நான் அவளை நிறுத்திச் சொன்னேன். நான் பண்ணைக்காரி இல்லை, கையில் இருக்கும் சோளம் கடையில் வாங்கியது, இதற்குள் இருப்பது அந்தச் சோளமும் இல்லை, எங்கள் வயல் சோளம் ஒரு மணி கூட இதில் இல்லை, அது என் குற்றம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவள் கோபப்படுவாள், பெட்டியைத் திரும்ப வைப்பாள் என்று காத்திருந்தேன். வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவாயில்லம்மா. இதையெல்லாம் யாரு பாக்கறா? இவன் உங்க படத்தப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடறான்" என்றாள். இரண்டு பெட்டி எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு போனாள். குழந்தை திரும்பிப் பார்த்துக் கையாட்டியது.

நானும் கையாட்டினேன், நார்பெர்ட். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரோசாலியா